ஸ்பீடோமீட்டர் முள்ளும் நின்னுபோச்சு, கிலோமீட்டரும் ஏறல: மீட்டரை மாத்தணுமா?

ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "சார், கார் நல்லா ஓடுது. ஆனா ஸ்பீடோமீட்டர் முள்ளு எழும்பவே இல்ல, கிலோமீட்டரும் ஏறல. மீட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க, மாத்திடவா?" இதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசு ஆறல. தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க.

தொடர்ந்து பாக்குறவங்களுக்குத் தெரியும், நான் முதல்ல கேக்குறது ஒண்ணுதான். ரெண்டும் நின்னுச்சா, ஒண்ணு மட்டும் நின்னுச்சா? பழைய மீட்டர்ல முள்ளு வேலை செய்யுது, கிலோமீட்டர் மட்டும் ஏறலைன்னா, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைஞ்சிருக்கும். அது மீட்டர் கோளாறு. ரெண்டும் சேர்ந்து நின்னா, பெரும்பாலும் மீட்டர் மேல தப்பில்ல. அதுக்கு வேகமே வந்து சேரல.

கேபிள் வண்டியா, அதாவது கியர்பாக்ஸ்லேர்ந்து சுத்துற கம்பி ஒண்ணு மீட்டருக்கு வேகத்தைக் கொண்டுபோற வண்டியா? மீட்டர் பின்னாடி கேபிளைக் கழட்டுங்க. நியூட்ரல்ல வச்சு, மத்த சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜின் இழுக்கிற சக்கரம் ஒண்ணை மட்டும் தூக்கி, கையால சுத்துங்க. உள்கம்பி சுத்தலைன்னா கம்பி அறுந்திருக்கு, இல்ல கியர்பாக்ஸ்ல அதை ஓட்டுற பல்சக்கரம் போயிருக்கு.

கம்பிக்குப் பதிலா சென்சார் வேகத்தை வயர் வழியா அனுப்புற வண்டின்னா, முதல்ல ஃபியூஸைப் பாருங்க. அப்புறம் வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் போட்டு ஓட்டிப் பாருங்க. ஸ்கேனர்ல வேகம் வருது, மீட்டர்ல வரலைன்னா மீட்டர் பக்கம் தேடுங்க. ஸ்கேனர்லயும் பூஜ்யம்னா, பி0500 கோடும் (வேக சென்சார் கோளாறுன்னு அர்த்தம்) இருந்தா, சென்சார், அதோட கனெக்டர், வயரைப் பாருங்க. சில வண்டிங்க ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்குற அமைப்பு) சென்சார்லேர்ந்தே வேகத்தை எடுக்கும். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிஞ்சா அங்க போங்க.

ஆனா அந்த நண்பர் இன்னொண்ணு கேட்டிருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பேன்: கேபிள் ஏன் அறுந்துச்சு? ஒரு வண்டியில புதுக் கேபிள் போட்டு, கொஞ்ச நாள்ல அதுவும் அறுந்து வந்துச்சு. மீட்டர் பின்னாடி இருக்கிற சதுர ஓட்டையில பழைய கம்பித் துண்டைச் செருகி விரலால திருப்பிப் பாத்தேன். திரும்பவே இல்ல. உள்ள இறுகிப்போய், கம்பியை முறுக்கி அறுத்திருக்கு. அதனால கேபிள் மாத்துறதுக்கு முன்னாடி அந்த ஓட்டையைத் திருப்பிப் பாருங்க, லேசா சுத்தணும். அறுந்ததுக்கு முன்னாடி முள்ளு துடிச்சுதா, டிக்டிக்னு சத்தம் வந்துச்சான்னும் யோசிங்க. கம்பி காஞ்சிருந்தாலும், கேபிள் எங்கயாவது மடங்கியிருந்தாலும் அப்படித்தான் ஆகும். புதுக் கம்பிக்கு கிரீஸ் மெலிசா தடவுங்க. மேல் நுனியில கொஞ்ச தூரம் தடவாம விடுங்க, இல்லைன்னா மீட்டருக்குள்ள ஏறிடும். அப்புறம் நிஜமாவே மீட்டர் மாத்தணும்.