சனிக்கிழமை நடந்ததைத் திங்கட்கிழமை சொல்லுங்கள்

வணக்கம் நேயர்களே.

நான் மனநல மருத்துவர். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுப்பவர்களோடுதான் என் பகல் பொழுதில் பெரும்பகுதி போகிறது. இன்றைக்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். பேரும் ஊரும் வேண்டாம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

அவனுக்கு 23 வயது. வலிக்குக் கொடுக்கும் டேபென்டடால் மாத்திரையைப் போதைக்காகப் பழகி, அது ஊசி வரைக்கும் போய், கடைசியில் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். போதை ஏக்கத்தையும், போதையை விட்டால் வரும் உடம்பு அவதியையும் அடக்கும் புப்ரெனார்ஃபின்–நலாக்சோன் கொடுக்கத் தொடங்கினோம். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடும் மாத்திரை அது. மூன்று மாதம் நன்றாகப் போயிற்று. வேலைக்குப் போனான், வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை வந்தான். சித்திரை மாத வெயில். முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டியிருந்தான். “ஏதாவது போட்டியாப்பா?” என்று கேட்டேன். “இல்லை டாக்டர், நல்லா இருக்கேன்” என்றான். அந்தப் பொத்தானை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது. மருந்தைக் குறையுங்கள் என்று வீட்டார் வேறு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சரி, நன்றாகத்தானே இருக்கிறான் என்று அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தேன்.

உண்மையில் அவனுக்கு அந்த அளவே போதாமல் இருந்திருக்கிறது. சாயங்காலம் ஆனால் கொட்டாவி, மூக்கில் நீர், கால் குடைச்சல். தாங்க முடியாமல் சனிக்கிழமை ராத்திரி ஒரு தடவை ஊசி போட்டிருக்கிறான். கூட்டிக் கொடுக்க வேண்டிய மருந்தை நான் குறைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து அவனை அவசரப் பிரிவில் பார்த்தேன். எங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு, பழைய சரக்கோடு தூக்க மாத்திரையையும் சேர்த்துப் போட்டிருந்தான். உதடு நீலம் பூத்து, மூச்சு எண்ணி எண்ணி வந்துகொண்டிருந்தது. போதை மருந்து மூச்சை அடைப்பதை முறிக்கும் நலாக்சோனைத் தனியாக ஊசியில் போட்டார்கள். பிழைத்தான்.

“ஏன்பா என்கிட்ட சொல்லலை?” என்று அப்புறம் கேட்டேன். அவன் சொன்னது இது: “அதுக்கு முந்தின வாரம் வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன் டாக்டர். உள்ளே ஒரு பெரியவரைத் திட்டினீங்க. மறுபடியுமா, உங்களுக்கெல்லாம் மருந்து கொடுத்து என்ன பிரயோஜனம்னு கேட்டீங்க. அதைக் கேட்ட பிறகு நான் எப்படிச் சொல்றது?”

நான் அப்படிக் கேட்டது நிஜம். அந்தப் பெரியவர் உண்மையைச் சொன்னவர். அதற்குத்தான் அந்தத் திட்டு. அவர் அப்புறம் வரவே இல்லை.

அதனால், உண்மையைச் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்கும் முன்னால், அதைச் சொல்ல முடியாமல் செய்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன் என்று சொன்னால் இன்சுலினை நிறுத்திவிடுகிறோமா? போதைச் சிகிச்சையில் 40 முதல் 60 சதவீதம் பேர் வரை மறுபடி சறுக்குகிறார்கள் என்று 2000ஆம் ஆண்டிலேயே ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் எழுதியது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சையிலிருந்து விலகி நோய் திரும்புவதும் அதைவிடக் குறைவில்லை என்று அதே கட்டுரை காட்டியது. சறுக்கியவரிடமிருந்து மருந்தைப் பறிப்பதுதான் உயிருக்கு ஆபத்து. புப்ரெனார்ஃபினை 2005லேயே உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இப்போது, சிகிச்சைக்கு நடுவில் மறுபடி போட்டுவிட்டேன் என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரி எங்களுக்கு எதற்கு வேண்டும் என்று பார்ப்போம்.

புப்ரெனார்ஃபின் மூளையில் போதை மருந்து உட்காரும் அதே இடத்தில் போய் உட்காரும். ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்திருந்தால் அதைத் தள்ளிவிட்டு உட்காரும். சில நாள் மாத்திரையை விட்டு, பழைய சரக்கைப் போட்டு, மறுநாள் டாக்டர் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயத்தில் அவசரமாக மாத்திரையை நாக்கடியில் வைத்தால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உடம்பு முறுக்கலும் மொத்தமாக வந்து விழும். போதை மருந்து மூளையில் வேலை செய்யாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாக இருக்கும். கடைசியாக எப்போது, எதைப் போட்டீர்கள் என்று தெரிந்தால்தான், எப்போது மறுபடி தொடங்கலாம் என்று எங்களால் சொல்ல முடியும்.

இன்னொன்று, இதைக் கவனித்துக் கேளுங்கள். மூன்று மாதம் விட்டிருந்த உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. முன்பு சாதாரணமாகப் போட்ட அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். கூடவே சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை வேண்டும். ஹெபடைடிஸ் சி இப்போது மாத்திரையால் குணமாகிற நோய், ஆனால் பார்த்தால்தானே தெரியும்.

போலீசுக்குப் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னதை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குக் கொடுக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு, அவை என்ன என்று முதல் நாளே கேளுங்கள், சொல்ல வேண்டியது எங்கள் கடமை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் மாட்டியவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்துக்குத் தானாகப் போய்ச் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம் நாட்டில் அபின், ஹெராயின், இந்த மாதிரி வலி மாத்திரைகள் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள்களை உபயோகிப்பவர்கள் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர் என்று 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு சொன்னது. உங்கள் ஒருவருக்கு மட்டும் நடந்தது இல்லை இது. டாக்டரிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லையென்றால் போதைப் பழக்கத்துக்கான 14446 என்ற இலவச உதவி எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள். மனம் ரொம்ப உடைந்திருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்.

பெரிதாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. “டாக்டர், சனிக்கிழமை ஒரு தடவை போட்டுட்டேன்.” இது போதும். மீதியை நாங்கள் கேட்கிறோம். உங்கள் டாக்டர் அதைக் கேட்டுத் திட்டினால், திட்டிவிட்டுப் போகட்டும், அளவையும் நேரத்தையும் சொல்லாமல் எழுந்து வராதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: அறைக்குள் நான் அவரோடு பத்து நிமிடம் தனியாகப் பேச விடுங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லமாட்டான்.

“போட்டியா?” என்று நான் இப்போது கேட்பதில்லை. அதற்கு “இல்லை” என்ற பதில் தயாராக நாக்கில் இருக்கும். “கடைசியாகப் போட்டது எப்போது?” என்றுதான் கேட்கிறேன். கதவையும் சாத்திவிடுகிறேன்.

அந்தப் பையன் இப்போதும் வருகிறான். போன மாதம் உட்கார்ந்ததும், நான் கேட்பதற்கு முன்பே மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிக் கையை மேசைமேல் நீட்டினான். “வியாழக்கிழமை ராத்திரி, ஒரு தடவை, டாக்டர்.” சாராயம் இல்லை, தூக்க மாத்திரை இல்லை, ஊசி புதுசு என்று அவனே வரிசையாகச் சொன்னான். அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதினேன். சீட்டை வாங்கிக்கொண்டு, மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கம் வரிசையில் போய் நின்றான்.

நன்றி, வணக்கம்.