ஒன்பதாவது எங்கே சேர்வது?

(வண்டலூரைத் தாண்டிய ஒரு குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். தண்ணீர் லாரி, தெருவிளக்கு எல்லாம் பேசிவிட்டோம். எனக்குக் கொடுத்த நேரத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

போன ஜூன் மாதம் ஒரு நாள், நம் கேட்டருகே ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தாள். அம்மா நம் வீடுகளில்தான் வேலை செய்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே டி.சி., ஆதார் நகல், மழையில் நனைந்து ஓரம் சுருண்ட சாதிச் சான்றிதழ். எட்டாவது முடித்துவிட்டாள். "சார், ஒன்பதாவது எங்க சேரணும்?" என்று கேட்டாள். பக்கத்திலேயே ஒரு பள்ளியைக் கைகாட்ட என்னால் முடியவில்லை. இன்று வரை அது உறுத்துகிறது.

நம் பக்கத்தில் இருப்பது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்றியப் பள்ளி எட்டோடு நின்றுவிடும். உயர்நிலைப் பள்ளி நடத்துவது பள்ளிக் கல்வித் துறை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள். அதோடு சரி. 2009-இல் வந்த மத்திய இடைநிலைக் கல்வித் திட்டம் 5 கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி என்றது. ஆனால் அது திட்டம், சட்டம் இல்லை. அப்புறம், வரைபடத்தில் 5 கிலோமீட்டர் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடந்து போக வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு அந்தச் சாலை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அரசு சைக்கிள் தருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அது பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வரும். அதற்கு முந்தைய இரண்டு வருடம்?

பல பெற்றோர் கடன் வாங்கிப் பக்கத்துத் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். அங்கேதான் ஒரு பெரிய இழப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இப்படிப் பள்ளியைப் பார்த்துத்தான் வருகிறது. ஒன்பதாவதில் வேறு வழியில்லாமல் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு இரண்டும் கைநழுவிவிடும். தொலைவுக்காக அவள் கொடுக்கும் விலை அது.

உங்கள் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போகிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் இந்த அடுக்குமாடிகள் எழுந்ததால்தான் கொத்தனாரும் சித்தாளும் காவலாளியும் இங்கே குடிவந்தார்கள். ஊர் வளர்ந்தது நம்மால். அந்தப் பிள்ளைகளும் நம் கணக்கில்தான் வருவார்கள்.

என்ன செய்யலாம் என்று விசாரித்தேன். நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்தினால் 6, 7, 8 வகுப்புகள் புதிய உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும், தொடக்கப் பள்ளி தனியாக நடக்கும். ஆக, இடம் வேண்டும். இங்கே மனை விற்கும் வேகத்தில் புறம்போக்கு நிலம் எத்தனை நாளைக்குக் காலியாக இருக்கும்? பள்ளிக்கென்று இப்போதே ஒதுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆசிரியர் பணியிடமோ ஆகஸ்ட் 1-இல் பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயம் ஆகிறது. தீபாவளிக்குப் பிறகு குடிவரும் குடும்பம் அந்த வருடக் கணக்கிலேயே வராது. அதனால் பிள்ளைகளை நாமே எண்ணி எழுதிக் கொடுத்தால்தான் உண்மையான தேவை தெரியும்.

அக்டோபர் 2 கிராம சபை. தீர்மான நகலை எழுதி வைத்திருக்கிறேன். வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், உங்கள் பிளாக் காவலாளி, இஸ்திரி போடும் அண்ணன், இவர்கள் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் எழுதிவிடுங்கள். முதல் வரியில் அந்தப் பெண்ணின் வகுப்பை நான் எழுதிவிட்டேன்.