மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் ஒரு சாண் அளந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. காலை ஆறரை மணி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், விசைப்படகுகள் கட்டியிருக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் ஏலம் நடக்கிறது. அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் விரல் நுனியில் இருப்பது சங்கரா மீனின் செதில். ஏலம் போடும் தரையில் ஒட்டிக் கிடந்தது. வெறும் கண்ணுக்குப் பளபளப்பு மட்டும்தான் தெரிகிறது. இப்போது திரையைப் பாருங்கள். மையத்தைச் சுற்றிச் சுற்றிப் போகும் மெல்லிய வளையங்கள் தெரிகின்றனவா? மீன் வளரும்போது செதிலும் கூடவே வளர்கிறது. வளர்ச்சி மெதுவான காலத்தில் வளையங்கள் நெருங்கி விழுகின்றன. ஓரத்தில் சீப்பின் பல் போல வரிசையாக நிற்கும் முட்களையும் பாருங்கள். வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் மீன் சொரசொரப்பது இவற்றால்தான். நான் பிறந்ததிலிருந்து சங்கரா சாப்பிடுகிறேன், இந்த முட்களைப் போன வருடம்தான் பார்த்தேன்.

இதை எடுக்க மேக்ரோ லென்ஸ், அதாவது சிறிய பொருளை மிகக் கிட்டே போய்ப் பெரிதாக எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ், தேவைப்படவில்லை. பழைய கேனான் கேமரா, அதில் எல்லோரிடமும் இருக்கும் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ், அதன் முன்னால் மாட்டிய ஒரு சிறிய கண்ணாடி, அவ்வளவுதான். "குறைந்த செலவில் மேக்ரோ எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பெரிய நிறுவனங்களின் 100 மி.மீ. மேக்ரோவைப் புதிதாக வாங்கினால் அரை லட்சத்தைத் தாண்டிவிடும். அந்தப் பணம் இல்லாதவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் 1:1 என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொருள் எவ்வளவு பெரிதோ, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லான சென்சாரின் மேல் விழும் பிம்பமும் அதே அளவு இருந்தால் அது 1:1. கேனானின் பெரும்பாலான தொடக்கநிலைக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் அகலம் சுமார் 22 மி.மீ. ஒரு பள்ளிக்கூட அளவுகோலை எடுத்து, உங்கள் லென்ஸ் எவ்வளவு கிட்டே போகுமோ அவ்வளவு கிட்டே வைத்துப் படம் எடுங்கள். படத்தின் அகலத்தில் 22 மி.மீ. மட்டும் தெரிந்தால் 1:1. 44 மி.மீ. தெரிந்தால் அதில் பாதி. கேமராவோடு வரும் 18-55 எஸ்டிஎம் லென்ஸின் பழைய பதிப்பில் 60 மி.மீ.க்குச் சற்று அதிகமாகத் தெரியும். ஒரு செம்பருத்திப் பூவுக்கு அதுவே போதும், செலவே வேண்டாம்.

எல்லோரும் இந்த 1:1 என்ற எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. படம் பிடிக்கும் நேரத்தில் லென்ஸின் முன்முனைக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது? உயிருள்ள எதைப் படம் பிடிப்பதானாலும் அந்த இடம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

ஒரு உதாரணம். திருவொற்றியூரில் என் சித்தி வீட்டு மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்புகள் உண்டு, முசுறு என்பார்களே, அவை. அந்த வரிசையில் ஓர் எறும்பு மட்டும் தள்ளித் தள்ளி நடந்தது. பார்த்தால் அதற்கு எட்டுக் கால்கள். எறும்பின் வேடத்தில் வாழும் குதிக்கும் சிலந்தி அது! முன்னங்கால் இரண்டையும் தூக்கி, எறும்பின் உணர்கொம்பு போலவே ஆட்டிக்கொண்டு போகிறது. உடம்பு நிறமும் அதே செம்மஞ்சள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்று என்னிடம் இருந்தது ரிவர்ஸ் ரிங். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு வளையம். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பிக் கேமராவில் மாட்ட உதவுகிறது. 18-55ஐ அப்படித் திருப்பி 18 மி.மீ.யில் வைத்தால் 1:1ஐ எல்லாம் தாண்டிப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் பொருள் லென்ஸிலிருந்து சுமார் 4 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும். இரண்டு விரற்கடை! அவ்வளவு கிட்டே போனதும் என் நிழல் இலைமேல் விழுந்தது. சிலந்தி ஒரே தாவலில் அடி இலைக்குப் போய்விட்டது. குதிக்கும் சிலந்திக்குக் கண் பார்வை மிகக் கூர்மை, உங்களை அது முன்பே பார்த்துவிடும்.

அடுத்து எக்ஸ்டென்ஷன் டியூப். கண்ணாடியே இல்லாத வெற்றுக் குழாய், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுவது. கணக்கு எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) வகுத்தால், கூடும் பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் போட்டால் அரை மடங்கு கூடும், 50 மி.மீ. போட்டால் ஒரு மடங்கு. மலிவான உலோகக் குழாய்கள் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அவற்றில் மின்தொடர்பு இல்லாததால் கேனான் லென்ஸின் அபெர்ச்சரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் துளையின் அளவை, கேமராவால் மாற்ற முடியாது. தொடர்புள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள். 1:1இல் இடைவெளி பத்து செ.மீ.க்கும் குறைவு, வெளிச்சமும் இரண்டு ஸ்டாப் குறைந்து கால் பங்காகிவிடும். நாணயம், நகை, செதில், வலை முடிச்சு போன்று அசையாத பொருள்களுக்கு இது அருமை. பூச்சிக்கு நான் சொல்ல மாட்டேன்.

முதலில் சொன்ன அந்தச் சிறிய கண்ணாடி, நான் இப்போது வைத்திருப்பது, ராய்னாக்ஸ் டிசிஆர் 150. ஜப்பான் தயாரிப்பு. 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் வளையம் உள்ள லென்ஸ்களில் கிளிப் போல மாட்டிக்கொள்ளும். இதன் சக்தி 4.8 டயாப்டர், மூக்குக்கண்ணாடிக்குச் சொல்லும் 'பவர்' போன்ற அளவு. லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் (மிகத் தொலைவில்) வைத்தால் பொருள் சுமார் 21 செ.மீ. தொலைவில் இருக்கும். உங்கள் கையை விரித்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு சாண்! ஜூமைத் திருகினால் பெருக்கம்தான் மாறும், இந்த ஒரு சாண் மாறாது. 250 மி.மீ.யில் வைத்தால் 1:1ஐயும் சற்றுத் தாண்டும். இதன் அண்ணன் டிசிஆர் 250 இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் இடைவெளி பன்னிரண்டரை செ.மீ.யாகச் சுருங்கிவிடும். கடையில் பெரிய எண்ணைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். முதல் முறை வாங்குபவர்கள் 150ஐயே வாங்குங்கள்.

சரி, தனி லென்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு: டாம்ரான் 90 மி.மீ. எஃப் 2.8 (எஃப் எண் அபெர்ச்சரின் அளவு) மேக்ரோவைப் பழையதாகத் தேடுங்கள். டாம்ரான் 1979 முதல் 90 மி.மீ.யில் மேக்ரோ லென்ஸ் செய்துவருகிறது. முதலில் வந்த எஃப் 2.5 பாதி அளவுதான் காட்டும், 2.8 முழு 1:1 போகும். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் மோட்டார் இல்லாததால் சில பழைய பதிப்புகளில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கவலைப்படாதீர்கள், இவ்வளவு கிட்டே ஆட்டோஃபோகஸ் அதிகம் உதவாது. அபெர்ச்சரை எஃப் 11 வரை சுருக்கி வைத்தாலும் 1:1இல் தெளிவாக விழும் ஆழம் ஒரு மி.மீ.க்கும் குறைவு. நானே ஃபோகஸைத் தொடாமல் உடம்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துத்தான் எடுக்கிறேன்.

பழைய லென்ஸ் என்றால் பூஞ்சையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இதை மனம் வலித்துச் சொல்கிறேன். மூன்று மாதச் சேமிப்பில் ஒரு கடையில் வாங்கிய லென்ஸை வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை இழைகள். திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். நம் பக்கம் கடல் காற்றின் ஈரம் வருடம் முழுக்க இருக்கிறது. அலமாரியில் சும்மா வைத்தாலே பூஞ்சை பிடிக்கும். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்பேசி வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் பாருங்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லை மாதம் ஒரு முறையாவது சூடாக்கிக் காயவைக்க வேண்டும்.

பக்கத்தில் வலை பழுதுபார்க்கும் தாத்தா இவ்வளவு நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்னப்பா, இந்த முடிச்சில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். எடுத்ததைப் பெரிதாக்கிக் காட்டினேன். நைலான் இழைகளுக்கு நடுவில் உப்புக் கற்கள், சதுரம் சதுரமாக. அவர் உப்பைப் பார்க்கவே இல்லை. ஓர் இழை பாதி அறுந்திருப்பதைக் காட்டி, "இது இன்னும் இரண்டு இழுப்புக்குத் தாங்காது" என்று ஊசியை எடுத்துவிட்டார்.

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, நிழல்கள் கறுத்துவிட்டன. இனி இங்கே எடுத்தால் செதில் வெளிறித்தான் விழும். சித்தி வீட்டுக்குக் கிளம்புகிறேன். மாமரத்தின் மேற்குக் கிளையில் ஒன்பது மணி வரை நிழல் இருக்கும். இந்த முறை ஒரு சாண் தள்ளி நின்று அந்தச் சிலந்திக்காகக் காத்திருக்கப் போகிறேன்.