ஒரே ஆண்டில் இரண்டு வில்லியம் ஸ்மித்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

வில்லியம் ஸ்மித் என்பது, இங்கிலாந்தில் தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்க்கும் பெயர். ஒரே காலத்தில் வாழ்ந்த மூன்று பேர் அந்தப் பெயரோடு வரலாற்றில் இருக்கிறார்கள். ஒருவர் அடிமை வியாபாரத்தை எதிர்த்த நாடாளுமன்ற உறுப்பினர், புளோரன்ஸ் நைட்டிங்கேலின் தாத்தா. வசதியானவர், அவரைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. நான் பேச வந்தது மற்ற இருவரைப் பற்றி.

முதலாமவர் 1769-இல் ஆக்ஸ்போர்டுஷயரில் பிறந்த கொல்லர் மகன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். நில அளவை வேலைக்குப் போனார். சோமர்செட் நிலக்கரிக் கால்வாய்க்காக மண்ணை வெட்டியபோது பாறைகள் அடுக்கடுக்காக இருப்பதைக் கண்டார். இரண்டு அடுக்கு பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தால் எப்படிப் பிரிப்பது? உள்ளே கல்லாகிக் கிடக்கும் சிப்பி, நத்தைப் புதைபடிவங்களைப் பார்த்தார். ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய படிவங்கள்! இதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க அலைந்து, 1815-இல் பாறை அடுக்குகளைக் காட்டும் ஒரு வரைபடம் வெளியிட்டார். எட்டடிக்கு மேல் உயரம். கையால் வண்ணம் தீட்டியது. ஒவ்வோர் அடுக்கின் அடிப்பகுதியிலும் வண்ணம் அடர்த்தியாக இருக்கும், எந்த அடுக்கு எதன்மேல் கிடக்கிறது என்று பார்த்ததும் புரிவதற்காக.

சரி, பலன்? பாறைகளை ஆராயும் லண்டன் நிலவியல் கழகத்துக் கனவான்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களே போட்டியாக இன்னொரு வரைபடம் தயாரித்தார்கள், விலையும் குறைவு. பாத் நகருக்கு அருகே கல் குவாரியில் போட்ட பணமும் போயிற்று. 1819 கோடையில் மனிதர் கடனுக்காகக் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் இருந்தார்.

அதே 1819-இல், பிப்ரவரி மாதம், இரண்டாவது ஸ்மித். நார்தம்பர்லாந்துக் கப்பல்காரர். 'வில்லியம்ஸ்' என்ற சரக்குக் கப்பலில் சிலி நாட்டுத் துறைமுகமான வல்பரைசோவுக்குப் போகிறார். தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் முனையில் காற்று அடித்துத் தெற்கே தள்ளுகிறது. அங்கே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கரை தெரிகிறது! துறைமுகத்தில் போய்ச் சொன்னால் கடற்படை அதிகாரி நம்பவில்லை. ஆனால் சீல் என்ற கடல்நாய்களை வேட்டையாடுபவர்கள் நம்பினார்கள், இடத்தைச் சொல்லப் பணமும் தருவதாகச் சொன்னார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அக்டோபரில் திரும்பப் போய்க் கரையிறங்கினார். அவைதான் அண்டார்டிகாவுக்கு அருகே உள்ள தெற்கு ஷெட்லாண்ட் தீவுகள்.

அப்புறம் செய்தி எப்படியோ பரவி, வேட்டைக்காரர்கள் குவிந்து, சில ஆண்டுகளிலேயே அங்கிருந்த சீல்களை ஏறக்குறைய அழித்தே விட்டார்கள்.

இருவர் தொழிலும் வேறு, குறை ஒன்றுதான்: சாதாரண ஆள் சொல்கிறான், நம்பலாமா என்ற சந்தேகம். கொல்லர் மகனுக்காவது பின்னால் நியாயம் கிடைத்தது. 1831-இல் அதே கழகம் தன் உயரிய விருதான வொல்லாஸ்டன் பதக்கத்தை முதன்முதலாக அவருக்குக் கொடுத்தது, அரசு ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை தந்தது. மாலுமிக்கு? ஒரு தீவுக்கு ஸ்மித் தீவு என்று பெயர் வைத்தார்கள். 1847-இல் லண்டனில் தர்ம விடுதி ஒன்றில் ஏழையாக இறந்தார்.