கதவில் ஒட்டிய தாள்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் 31 வருஷம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவன். காலராவில் தொடங்கி, டெங்கு, சிக்குன்குனியா எல்லாம் பார்த்து, கடைசியில் கொரோனாவையும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். நான் வக்கீல் இல்லை. நோய்க்காலத்தில் அரசியல் சட்ட உரிமைகள் என்று தலைப்புக் கொடுத்தபோது முதலில் தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். மேலே கோட்டையில் போடுகிற உத்தரவு கடைசியில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும் அல்லவா? அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறவன் என்னைப் போன்ற ஆள்தான். அந்த வாசலில் நடந்ததைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைத்துத்தான் வந்திருக்கிறேன்.

2020 மே மாதம். கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் ஊராகத் தொற்று பரவிய நேரம், உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரில் காய்கறி லாரியில் லோடு ஏற்றப் போய்வந்த ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தது. அவரை 108-இல் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டில் தாள் ஒட்டப் போனேன். பழைய பெயின்ட் வாளியில் மைதா பசை, ஒரு தென்னம்பட்டை, சுருட்டிய தாள்கள். "தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர்" என்று சிவப்பு எழுத்து. கீழே குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை.

அந்த வீட்டு அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறவர். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கிரைண்டரை நிறுத்திவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பசையைத் தடவ ஆரம்பித்தேன். அவர் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணே, அதக் கதவுக்கு உள்பக்கமா ஒட்டிருங்களேன். நாங்க படிச்சுக்கிறோம்."

"ரூல் அப்படிம்மா, நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு வெளிப்பக்கமாகத்தான் ஒட்டினேன்.

பதினாலு நாள் கழித்து அந்த அம்மாவுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரரும் குணமாகித் திரும்பினார். தாளைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள். பசை இருந்த இடம் மட்டும் கதவில் வெள்ளையாகச் சதுரம் போட்டதுபோல் நின்றுவிட்டது. அந்தச் சதுரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மாதம் யாரும் அங்கே மாவு வாங்கவில்லை.

அது அந்தக் குடும்பத்தின் கஷ்டம். ஒரு சுகாதார ஆய்வாளராக என்னை உலுக்கியது அடுத்து நடந்தது. அந்தத் தெருவில் அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு காய்ச்சல்கூடப் பதிவாகவில்லை. தினமும் வீடு வீடாகப் போகிறோம், நெற்றியில் கருவியைக் காட்டுகிறோம், எல்லாம் நார்மல். பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்காரர்தான் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்க அந்தத் தெருவுலதான் பாராசிட்டமால் அட்டை அட்டையா போகுது" என்றார். நாங்கள் வருகிற நேரம் தெரிந்து, ஒரு மணி நேரத்துக்கு முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான்காவது வாரம் ஒரு பெரியவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார்கள். மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. எட்டு நாளாகக் காய்ச்சலாம். "கதவுல பேப்பர் ஒட்டிருவாங்கன்னு பயந்து சொல்லல சார்" என்றான் மகன். பெரியவர் திரும்பி வரவில்லை.

நேயர்களே, நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். உரிமையைப் பறித்தால் நோய் ஒழியாது, ஒளிந்துகொள்ளும். மனித உரிமை பேசுகிறவர்கள் ஒரு பக்கம், சுகாதாரத் துறை எதிர்ப்பக்கம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒளிந்திருக்கிற காய்ச்சலைத் தேடி 31 வருஷம் தெருத்தெருவாக அலைந்தவன் சொல்கிறேன், அது தப்பான கணக்கு.

இந்தக் கணக்குத் தப்பியது கொரோனாவில் முதல் தடவை இல்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த வருஷம் புனேவுக்குப் பரவியது. அங்கே பிளேக் குழுவுக்குத் தலைவராக ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியைப் போட்டார்கள். அவர் வீடுகளைச் சோதனை போட வெள்ளைக்காரச் சிப்பாய்களை அனுப்பினார். கொஞ்சம் கண்ணை மூடிக் கற்பனை செய்து பாருங்கள். பூட்ஸ் காலோடு அடுப்படிக்குள்ளும் பூஜை அறைக்குள்ளும் நுழைகிறார்கள். பிளேக் கட்டி அக்குளிலும் தொடை இடுக்கிலும்தான் வரும். அதைப் பார்க்கிறோம் என்று பெண்களைக்கூட எல்லோர் கண்முன்னும் நிறுத்திச் சோதித்ததாகப் புகார்கள் எழுந்தன. தட்டுமுட்டுச் சாமான்களை வீதியில் போட்டு எரித்தார்கள். சந்தேகப்பட்டவர்களை முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? நோயாளியை ஒளித்து வைத்தார்கள். செத்தவரைக்கூட மறைத்தார்கள். கால் இருந்தவர்கள் ஊரை விட்டே ஓடினார்கள், போகிற ஊருக்கு நோயையும் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 123 வருஷ இடைவெளி. பயம் அதே பயம்தான்.

புனேயில் அது ரத்தத்தில் போய் முடிந்தது. 1897 ஜூன் 22, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவு. விருந்து முடிந்து திரும்பிய ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் என்ற புனே இளைஞர்கள் சுட்டார்கள். கூட வந்த இன்னொரு அதிகாரியும் செத்தார். சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகருக்கு ராஜத்துரோகக் குற்றத்தில் 18 மாதச் சிறை. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. நோயைப் பிடிக்கப் போன அரசாங்கம் எங்கே போய் நின்றது என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

அந்த வருஷம் பிப்ரவரியில் பிறந்ததுதான் கொள்ளைநோய்ச் சட்டம், 1897. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவு தடவை பேசியிருக்கிறேன். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். நாலே நாலு பிரிவுதான். இரண்டாவது பிரிவு, நோயைத் தடுக்க அரசு என்ன உத்தரவும் போடலாம் என்கிறது. மூன்றாவது, மீறினால் தண்டனை. நான்காவது, நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. எத்தனை நாளைக்கு இந்த அதிகாரம்? சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவன் யாரிடம் முறையிடுவது? அதுவும் இல்லை. எது ஆபத்தான கொள்ளைநோய் என்பதற்கு ஒரு விளக்கம்கூட அதில் கிடையாது. 1897-இல் நாம் குடிமக்கள் இல்லை, பிரஜைகள். அந்தச் சட்டத்தை எழுதியவனுக்கு நம்மிடம் அனுமதி கேட்கிற பழக்கமே இல்லை. 2020 மார்ச்சில் மாநிலங்கள் கையில் எடுத்ததும் அதே சட்டம்தான். ஏப்ரலில் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் கடும் தண்டனை என்று. எனக்கும் பாதுகாப்பு வந்தது, நல்லதுதான். மாவு அரைக்கிற அம்மாவுக்குப் பாதுகாப்பாக அதில் ஒரு வரி சேர்க்கவில்லை.

ஆனால் 1897-க்கும் 2020-க்கும் நடுவில் ஒன்று நடந்திருக்கிறது. 1950-இல் நமக்கு அரசியல் சட்டம் வந்துவிட்டது. பொதுநலனுக்காக உன் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று 19-ஆவது பிரிவே சொல்கிறது, ஆனால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும். நியாயமானது என்றால்? எந்தச் சட்டத்தின் கீழ் செய்கிறாய், எதற்காகச் செய்கிறாய், இதைவிட மென்மையான வழி இல்லையா? 2017-இல் அந்தரங்க உரிமை பற்றி ஒன்பது நீதிபதிகள் தந்த தீர்ப்பின் சாரத்தை என் பாஷையில் சொன்னால் இந்த மூன்று கேள்விகள்தான். அந்த அம்மா கேட்டாரே, உள்பக்கமாக ஒட்டக் கூடாதா என்று. மூன்றாவது கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கிறார். என்னிடம் பதில் இல்லை. 2020 டிசம்பர் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி தனியாக உத்தரவு போட்டால் ஒழிய, வீட்டு வாசலில் தாள் ஒட்டக் கூடாது என்று. மத்திய அரசே தன் வழிகாட்டுதலில் அப்படி ஒட்டச் சொல்லவில்லை என்று அந்த வழக்கில் கூறியது. நான் "ரூல்" என்று சொன்னேன் பாருங்கள், அப்படி ஒரு ரூல் அங்கே இல்லை.

இன்னொன்றையும் நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊரடங்கு வேறு, நெருக்கடி நிலை வேறு. 1975-இல் நெருக்கடி நிலை போட்டார்கள். அதில் பட்ட அடிக்குப் பிறகு 1978-இல் 44-ஆவது திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையிலேகூட 21-ஆவது பிரிவை, அதாவது உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை, நிறுத்தி வைக்க முடியாது. அப்படியிருக்க ஊரடங்கில் எப்படி முடியும்? இது மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றிலேயே கேள்வியாக வந்தது. குறித்த நாளுக்குள், அதாவது குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் கிடைக்க வேண்டும். ஊரடங்கைக் காரணம் காட்டி அது மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஊரடங்கு என்பது நெருக்கடி நிலை ஆகாது, அந்த ஜாமீன் அவருடைய உரிமை என்று தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பு வந்த தேதியைச் சொல்கிறேன், கேளுங்கள். 2020 ஜூன் 19.

அதே ஜூன் 19-ஆம் தேதி சாயங்காலம்தான் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி ஒரு தகப்பனைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே போன மகனையும் அங்கே பிடித்து வைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலை தகப்பனார். டெல்லியில் எழுதிய தீர்ப்பு சாத்தான்குளம் வந்து சேர அன்றைக்கு நேரம் போதவில்லை. இந்த இரண்டு செய்தியையும் என் நோட்டுப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, நோய்க்காலத்தில் உரிமையைக் காப்பாற்றிக்கொண்டே வேலை செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறோம். நம் தமிழ்நாட்டிலேயே செய்திருக்கிறோம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலில் கண்டறிந்தது சென்னையில்தான், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். ஆரம்பத்தில் அரசுகளுக்கு அதே பழைய கை அரித்தது. கோவாவில் 1989-இல் ஓர் இளைஞரைப் போலீஸ் பிடித்துப் பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். எச்.ஐ.வி. இருந்தது என்பதைத் தவிர அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. பிறகு மெல்ல மெல்லப் புத்தி வந்தது. அடைத்தால் யாரும் பரிசோதனைக்கே வர மாட்டார்கள் என்று புரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் "நம்பிக்கை மையம்" என்று ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரை வைத்தவருக்கு நான் கும்பிடு போடுவேன். உள்ளே போனால் கதவைச் சாத்திவிட்டு ஆலோசகர் பேசுவார். பரிசோதனை எதற்கு என்று சொல்லிச் சம்மதம் கேட்பார். முடிவு உங்களுக்கும் அவருக்கும்தான். ஜனங்கள் தாங்களாகவே நடந்து வந்தார்கள். சம்மதம், ரகசியம், பாகுபாடு காட்டக் கூடாது, இவை எல்லாம் 2017-இல் எச்.ஐ.வி. சட்டமாகவே வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதற்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, நாங்கள் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். தடுப்பூசி பற்றியும் இறுதிச் சடங்கு பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், நான் வீட்டோடு போட்டுக்கொண்டவன். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பக்கவிளைவுக் கணக்கை மறைக்காமல் வெளியிடவும் சொன்னது. அதுவும் நம்பிக்கையை வளர்க்கிற காரியம்தான். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் கல்லெறிந்தபோது, கண்ணியமான அடக்கமும் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஆக்சிஜன் கேட்டுச் சமூக ஊடகத்தில் பதிவு போட்டவர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவைப் பற்றிச் சொல்ல நேரமில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு இன்னொரு நோய் வந்து, என்னைப் போன்ற ஒருவர் ஒரு தாளோடு உங்கள் வாசலுக்கு வந்தால், மூன்று விஷயம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் முடிகிறது, குறை இருந்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது. இல்லையென்றால் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், அவரும் மூன்று நாள் தூங்காத ஆளாக இருப்பார். அப்படியே காய்ச்சல் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.