வால்டர் ஒயிட்டுக்கு முன்னால்: பிரையன் கிரான்ஸ்டனின் நடிப்பு

[திரையில்: 'பிரேக்கிங் பேட்' முதல் அத்தியாயம், வகுப்பறைக் காட்சி]

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், போதைப்பொருள் காய்ச்சும் குற்றவாளியாக மாறப்போகும் வால்டர் ஒயிட் என்ற இந்த வேதியியல் ஆசிரியரைச் சற்று உற்றுப் பாருங்கள். சோகையான மீசை, தொங்கிய தோள்கள், சுவரோடு சுவராக மறைந்துவிடும் நிறத்தில் சட்டை. உடம்பில் சதை போட வேண்டும், மீசை இருந்தும் இல்லாததுபோல் தெரிய வேண்டும் என்றெல்லாம் யோசனை சொன்னவர், வால்டராக நடித்த பிரையன் கிரான்ஸ்டனே. அந்தக் கூனலுக்கு மாதிரி அவருடைய அப்பா. நட்சத்திரமாக ஆசைப்பட்டு, ஆக முடியாமல், பிள்ளைகளின் சிறுவயதிலேயே வீட்டை விட்டுப் போன நடிகர் அவர்.

2008இல் இந்தத் தொடர் தொடங்கியபோது கிரான்ஸ்டனுக்கு 51 வயது. அதற்குமுன் விளம்பரம், நெடுந்தொடர், பின்னணிக் குரல் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். 2000 முதல் 2006 வரை 'மால்கம் இன் த மிடில்' நகைச்சுவைத் தொடரில் மனைவிக்குப் பயந்த அப்பாவாக வீடுதோறும் சிரிக்கவைத்தார். அந்தச் சிரிப்பே பிறகு குறுக்கே நின்றது. இவரா போதைப்பொருள் காய்ச்சும் குற்றவாளி என்று தொடரை ஒளிபரப்பவிருந்த ஏ.எம்.சி. சேனல் தயங்கியது.

[திரையில்: 'எக்ஸ் ஃபைல்ஸ்', 1998]

தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் வாதாடவில்லை. 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடருக்காகத் தான் எழுதிய 'டிரைவ்' அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினார். அதில் கிரான்ஸ்டன் எஃப்.பி.ஐ. அதிகாரியைத் துப்பாக்கி முனையில் மிரட்டிக் காரை ஓட்டவைக்கிறார். கார் நின்றால் தலைக்குள் அழுத்தம் ஏறி உயிர் போய்விடும். வாய் திறந்தால் யூத வெறுப்பு. அப்படிப்பட்டவன் சாகும்போது நமக்கு மனம் கனக்க வேண்டும், கனக்கிறது. சேனல் அதிகாரிகளின் தயக்கம் அதோடு தீர்ந்தது.

இந்தத் திறமை உச்சத்தைத் தொடுவது இரண்டாவது பருவத்தில், 2009இல் என்பது என் கருத்து. போதையில் உறங்கும் ஜேன், வால்டருடைய கூட்டாளியின் காதலி, வாந்தி எடுத்து மூச்சுத் திணறுகிறாள். வால்டர் காப்பாற்ற ஓடுகிறான். கை நீள்கிறது, நிற்கிறது. பிறகு அந்தக் கை அவன் வாயைப் பொத்துகிறது. வசனமே இல்லை. அந்த நொடியில் ஜேனின் முகம் தன் சொந்த மகளின் முகமாகத் தெரிந்தது என்று கிரான்ஸ்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். காட்சி முடிந்தபின் அவர் உடைந்து அழுதார். கொலைக்குச் சமமான செயலைச் செய்பவன் முகத்தில் ஒரு தகப்பனின் பதற்றம் எப்படி வந்தது என்று வியந்திருப்பீர்கள். வந்த வழி இதுதான்.

வால்டர் வேடத்துக்கு, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் நான்கு. 'ஆல் த வே' நாடகத்தில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனாக நடித்ததற்கு 2014இல், மேடை நாடகத்துக்கான டோனி விருது. ஜான்சன் எதிராளியின் மூக்குக்கு நேரே முகத்தை நீட்டிப் பேசியே காரியம் சாதித்தவர். ஒடுங்கிப் பழகிய அதே உடம்பு அங்கே மேடையை அடைத்து நின்றது. 'டிரம்போ' படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை, 2019இல் இரண்டாவது டோனி.

இவரைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 'டிரைவ்' அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.