பட்டாள அதிகாரியின் வீட்டுக்கு யார் வரி கட்டுவது?

(திரையில்: ஹாங்காங் பூங்கா, மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கட்டடம்)

வணக்கம். திரையில் தெரிவது ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ். இப்போது தேநீர்க் குடுவைகளுக்கான அருங்காட்சியகம். 1846இல் கட்டி முடித்தபோது பிரிட்டிஷ் படைத் தளபதியின் வீடு. வரிசையாகத் தூண்கள், அகலமான வராந்தா, நகரின் நட்டநடுவில் இடம். பக்கத்திலேயே விக்டோரியா, மர்ரே என்று இரண்டு படைமுகாம்கள்.

இந்த வீடு எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான், 1845இல், அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஹாங்காங்கில் வீட்டு வரி வந்தது. முதலில் போலீஸ் செலவுக்கு. அப்புறம் தெருவிளக்கு, தண்ணீர், தீயணைப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன வரும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு சதவீதம் வாங்குவார்கள்.

அதிகாரிகள் குடியிருந்த வீடுகளுக்கும் இந்த வரி உண்டா?

ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய விதி இது: சட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லாதவரை அரசரின் சொத்துக்கு வரி கிடையாது. ஆயுதக் கிடங்குக்கும் சிப்பாய்களின் முகாமுக்கும் இது பொருந்தும், சரி. ஆனால் ஓர் அதிகாரி மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர்களோடு வாழும் பங்களா? வேலைக்காக அங்கே இருந்தே ஆக வேண்டுமா, இல்லை வசதிக்காக இருக்கிறாரா என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. இரவில் கொம்பு ஊதினால் ஓடிவர வேண்டியவரை முகாமுக்குள் வைப்பது கடமை. மலைச்சரிவில் காற்றோட்டமான வீடு சௌகரியம்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. அதே அதிகாரி தனியார் வீட்டில் வாடகைக்கு இருந்தால், வரி வாடகையோடு சேர்ந்து அவர் கையை விட்டுப் போய்விடும். அரசு கட்டிய குவார்ட்டர்ஸுக்கு மாறினால் வரி இல்லை. அவர் குடிக்கும் தண்ணீரும் வாசல் விளக்கும் அப்படியேதான் இருக்கின்றன.

(திரையில்: தைப்பிங்ஷான் பகுதியின் பழைய வரைபடம்)

பட்டாளத்தின் தரப்பிலும் வலுவான நியாயம் இருக்கிறது. 1894இல் பிளேக் வந்தபோது, சீனர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தைப்பிங்ஷான் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கழுவிச் சுண்ணாம்பு அடித்தவர்களில் ராணுவத்தினரும் இருந்தார்கள். அதில் உயிரை விட்டவர்களும் உண்டு. அவர்களிடம் போய் வரி கேட்பதா என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அதே தைப்பிங்ஷானைப் பாருங்கள். பொறியாளர் ஆஸ்பர்ட் சாட்விக் 1882இல் கொடுத்த அறிக்கை, சீனர்களின் வீடுகளில் இருந்த நெரிசலையும் மோசமான சாக்கடைகளையும் விரிவாகச் சொல்கிறது. ஓர் அறையைத் தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்கள் வாழ்ந்த இடம். அவர்களுடைய வாடகைக்குள்ளும் வீட்டு வரி இருந்தது. சட்டமன்றத்துக்குத் தங்கள் ஆளை ஓட்டுப் போட்டு அனுப்பும் உரிமைதான் இல்லை.

"எல்லாம் அரசுப் பணம்தானே, இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு" என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பை ஒன்றல்ல. ராணுவம் லண்டனுடையது, சாக்கடை ஹாங்காங்குடையது. அதோடு, 1865 முதல் ராணுவச் செலவுக்கென்று ஹாங்காங் ஆண்டுக்கு 20,000 பவுண்டு கட்டியது. 1890இல் அது 40,000 ஆனது. 1901இல் ஹாங்காங்கின் வருமானத்தில் 20 சதவீதம் என்றே ஆக்கிவிட்டார்கள். படைக்கும் பணம் கொடுத்து, படை அதிகாரியின் வீட்டுத் தண்ணீருக்கும் விளக்குக்கும் ஊர்க்காரனே கட்டினால் அது இரட்டைச் சுமை.

பிரிட்டனிலேயே 1874 முதல், அரசுக் கட்டடங்களுக்கு வரிக்கு ஈடாக ஒரு தொகையை உள்ளாட்சிகளுக்குக் கருவூலம் கொடுத்துவந்தது. தங்கள் சொந்த நாட்டில் ஒப்புக்கொண்ட நியாயம் கடல் தாண்டினால் மாறக் காரணமே இல்லை. என் கருத்து இதுதான்: முகாமுக்கு விலக்கு இருக்கட்டும், குடும்பம் நடத்தும் வீட்டுக்கு வேண்டாம். அந்த வீட்டு வரியையும் அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, அவரை அங்கே அனுப்பிய அரசு கட்டட்டும்.

இந்தியாவிலும் இதே விவாதம் உண்டு. அரசியலமைப்பின் 285ஆவது பிரிவு மத்திய அரசின் சொத்துக்குப் பொதுவாக வரிவிலக்கு தருகிறது. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றத்தில் உடன்பாடான ஏற்பாட்டின்படி, வரிக்குப் பதில் சர்வீஸ் சார்ஜ் கொடுக்க வேண்டும். மாநகராட்சி வசதிகளை முழுதாகப் பயன்படுத்தினால் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு பயன்படுத்தினால் 50, பயன்படுத்தவே இல்லை என்றால்கூட மூன்றில் ஒரு பங்கு.